முதலாம் வலயம் வழியாக

சட்டிக்கு ஒரு காதுதான் இருக்கிறது. மற்றக் காது இருந்த இடத்தில் ஒரு இரும்புத் துண்டு துருத்திக்கொண்டு நிற்கிறது, அதைப் பிடித்தால் விரலை அறுக்கும், ஆகவே வலது கையால் இருக்கிற காதையும் இடது கையால் அடியையும் தாங்கிக்கொண்டு கனர்ஸ்பரி ரயில் மேடையில் நிற்கிறேன். துவாயை நாலாக மடித்துக் கொடுத்தும் அடி சுடுகிறது. ஆட்டெலும்புச் சூப். விடிய ஐந்து மணிக்கு எழும்பி வைத்தது, மிளகு கூடிவிட்டதோ என்ற கவலை வீட்டைப் பூட்டும்போதே தொடங்கிவிட்டது. பைக்குள் வைத்துப் பார்த்தேன், சரிந்து மூடி ஓரத்தால் ஒழுகியது. வேறு சட்டி இல்லையா என்றால், இருக்கிறது, சின்னச் சட்டிகள், ஒரு ஆளுக்குச் சமைக்கிறவனுக்குப் போதுமான சட்டிகள். இது மூன்று வருடமாக அலுமாரிக்கு மேலே கவிழ்ந்து கிடந்தது. தவமலர் விட்டுப்போன சாமான்களில் இதுவும் ஒன்று. மனைவி விட்டுப்போன சாமான்கள் என்று நினைக்கும்போது அவள் செத்துப்போனவள் மாதிரி ஒலிக்கிறது, அவள் சாகவில்லை, இந்த நகரத்தின் மற்றப் பக்கத்தில், ரயிலில் ஒரு மணி நேரத்தில், முழங்கால் ஒப்பரேசன் முடிந்து தடியோடு இருக்கிறாள். சனிக்கிழமை காலை பத்தரை. மேடையில் என்னைத் தவிர எல்லோருடைய கைகளிலும் தொலைபேசி. ஒரு பிள்ளை என்னுடைய துவாயைப் பார்த்துவிட்டுத் தாயிடம் ஏதோ கேட்கிறது, தாய் பார்க்காதே என்கிற மாதிரித் தலையைத் திருப்பிவிடுகிறாள். கீழே வாசலில் பயணச்சீட்டு யன்னலின் விளிம்புக் கட்டில் சட்டியை வைத்துவிட்டு, கோட்டுப் பையில் பயண அட்டையைத் தேடி எடுத்து, தானியங்கிக் கதவில் வைத்து, கதவு திறந்து மூடுவதற்குள் திரும்பி ஓடிச் சட்டியை எடுக்க முடியாமல் போய், அங்கே நின்ற நிலைய ஊழியர் பெரிய கதவைத் திறந்துவிட்டார். இவ்வளவு வேலை இருக்கும் என்று யார் நினைத்தது.

இந்த மேடையில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு விதமான ரயில் வரும். ஒன்று நகரத்தின் நடுவுக்குப் போய், நிலத்துக்கு அடியால் விக்டோரியா எல்லாம் கடந்து கிழக்கே போய் வெளியே வரும். மற்றது நடுவைத் தொடாமல் வடக்கால் வளைந்து, வீடுகளின் பின்வளவுகளைப் பார்த்துக்கொண்டு கோஸ்பல் ஓக் வரை போகும், அங்கே மாறினால் அந்த ரயிலும் கிழக்குக்குத்தான். புறப்படுகிற இடம் ஒன்று, போய்ச் சேருகிற இடம் ஒன்று, கட்டணம் மட்டும் இரண்டு. நடுவில் இருப்பது முதலாம் வலயம், அதைத் தொட்டவன் கூடக் கொடுக்க வேண்டும். தொட்டானா என்பது எப்படித் தெரியும்? தெரியாது. ஏறின கதவையும் இறங்கின கதவையும் மட்டும்தான் அந்த இயந்திரம் பார்க்கிறது, இடையில் நீ என்ன செய்தாய் என்பது அதற்குத் தெரியாது, தெரியாத இடத்தில் அது நடுவால் போனாய் என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை, நான் சுற்றித்தான் வந்தேன் என்று சொல்ல விரும்புகிறவன் கோஸ்பல் ஓக் மேடையில் ஒரு ரோஸ் நிறப் பெட்டியில் அட்டையை வைக்க வேண்டும். போகாத இடத்துக்குப் போகவில்லை என்று நீயே சாட்சி சொல்லிக்கொள்ள வேண்டும். இதைத் தவமலருக்குக் காட்டிக்கொடுத்ததே நான்தான். அவளுடைய தமக்கை பூமணி அக்காவுக்குச் சுகமில்லாமல் வந்து, தவமலர் சனிக்கிழமைகளில் கிழக்கே போய்ப் பார்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு தடவை அவளோடு கூடப்போய், மேடையில் நிறுத்தி, இதில்தான் வைக்க வேண்டும், மறக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அவளிடம் கைப்பை மட்டும்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே வைத்தாள். பெட்டி ஒரு சத்தம் போட்டது. இப்ப உங்களுக்குச் சந்தோசமோ என்று கேட்டாள்.

ரயில் வருகிறது. சரியான ரயில், வடக்கால் போகிறது, ஆனால் கதவுகள் திறக்கும்போதே தெரிகிறது, இருக்க இடமில்லை, நிற்கவும் இல்லை, பந்து விளையாட்டுக்குப் போகிற கூட்டம் சிவப்புச் சால்வைகளோடு கதவுவரை நிற்கிறது. நான் எப்படி ஏறுவது? ஏறினால் கம்பியைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. ஒரு குலுக்கலில் யாருடைய முதுகிலாவது கொதிசூப்பு. கதவு மூடுகிறது. போகட்டும், பதினைந்து நிமிடத்தில் அடுத்தது. மேடையில் இருக்கிற வாங்கில் உட்கார்ந்து சட்டியை மடியில் வைக்கிறேன். மடி சுடுகிறது. மகள் நிரோஜா வியாழக்கிழமை லீட்ஸிலிருந்து தொலைபேசி எடுத்தாள், அவள் குரலில் இப்போதெல்லாம் ஒரு அலுவலகத் தொனி இருக்கிறது, தகப்பனோடும் தாயோடும் தனித்தனியாகக் கதைத்துக் கதைத்து வந்த தொனி. அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தனியத்தான் இருக்கிறா, தன்னால் திங்கட்கிழமைதான் வர முடியும் என்றாள். பிறகு, “அப்பா, நீங்கள் ஒருக்காப் போய்ப் பாக்கேலாதே?” என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “சொன்னனான். வேண்டாமெண்டு சொல்லேல்ல.” இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இரண்டு இரவு கழித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் வரட்டும் என்று அர்த்தமா, அல்லது மகளோடு வாக்குவாதப்பட உடம்பில் தெம்பில்லையா. வா என்று சொன்னாளா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இல்லை என்ற பதில் வந்திருக்கும், பிறகு நான் இந்தச் சட்டியை இறக்கியிருக்க மாட்டேன். கோட்டின் உள்பையில் அவளுடைய பழைய பயணக் கணக்குத் தாள் இருக்கிறது. எதற்கு எடுத்துவந்தாய் என்று என்னையே கேட்கிறேன். ஒரே ஒரு தடவை, சண்டையில்லாமல், இத்தனை வருடத்துக்குப் பிறகு, அமைதியாகக் கேட்கலாம் என்று. அவளும் அமைதியாகச் சொல்லிவிடலாம். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்குத் தெரிந்தால் போதும். சூப்பு ஒரு கையில், தாள் மறு கையில் என்று மனதில் ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் சூப்புக்கே இரண்டு கையும் போதாது.

அடுத்த ரயிலிலும் சிவப்புச் சால்வைகள். அதையும் விடுகிறேன். மூன்றாவதில் யன்னலோரம் ஒரு இருக்கை கிடைக்கிறது, சட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிக்கொள்கிறேன். அரை மணி நேரம் போய்விட்டது. அரை மணி நேரம் என்ற நினைப்பில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டு, பிடிப்பதற்குள் வழுகிப்போகிறது. பின்வளவுகள் ஓடுகின்றன, மழையில் நனைகிற பிள்ளைகளின் சறுக்குமரம், குப்புறப் போட்ட சைக்கிள், கொடியில் யாரும் எடுக்காத உடுப்பு. எதிரே இருப்பவர் மூக்கை உறிஞ்சுகிறார், மிளகு மணம் பெட்டி முழுதும் பரவிவிட்டது என்று நினைக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இந்த ஊரில் சொல்ல மாட்டார்கள், எழும்பி வேறு இடத்தில் போய் இருப்பார்கள். கதவுக்கு மேலே படம் ஒட்டியிருக்கிறது. வலயங்களுக்கு வெள்ளையும் சாம்பலுமாக மாறி மாறி நிறம் தீட்டி, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல. சில நிலையங்கள் கோட்டிலேயே நிற்கின்றன, மூன்றாம் வலயத்திலும் உண்டு, நாலாம் வலயத்திலும் உண்டு, நீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உனக்குக் குறைவாக வருகிற வலயத்திலேயே அது இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். தவமலர் இருக்கும் வூட்கிரேஞ்ச் பார்க் அப்படி ஒரு நிலையம். அதற்கு அடுத்த நிலையம் இரண்டு நிமிடம் தள்ளி, அதற்குக் கூட எடுப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை, ஒரு பாலம், ஒரு மயானம், யாரோ ஒருவர் ஒரு அறையில் இருந்து கோடு கீறியிருக்கிறார். வலயம் என்ற சொல்லை நான் இங்கே வந்து படிக்கவில்லை. இருபத்தொரு வயதில், ஊரில், எங்கள் வீடு ஒரு நாள் காலையில் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது, எங்கள் கிணறு வெளியே நின்றது. கோடு யாருடைய கண்ணுக்கும் தெரியாது, முள்ளுக்கம்பி பிறகுதான் வந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரு தடுப்பு, ஒரு மேசை, ஒரு பையன், என் வயதுதான் இருக்கும், அவன் கேட்பது இரண்டே கேள்வி. எங்கேயிருந்து வருகிறாய். எந்த வழியால் வந்தாய். இரண்டாவது கேள்விதான் பயம். முதலாவதற்கு அடையாள அட்டை இருந்தது, காட்டலாம். வந்த வழிக்கு என்ன அத்தாட்சி? ஒழுங்கையால் வந்தேன் என்றால் ஏன் பெருந்தெருவால் வரவில்லை, பெருந்தெருவால் என்றால் அங்கே நின்றவன் உன்னைக் காணவில்லை என்கிறானே. ஒரு தடவை நான் சொன்ன வழியை அவன் நம்பவில்லை. நாலு மணி நேரம் வெயிலில் குந்தியிருந்தேன். உண்மையைச் சொன்னவன் குந்தியிருந்தான். அந்த நாலு மணி நேரத்தை நான் யாருக்கும் விபரமாகச் சொன்னதில்லை, தவமலருக்கு மட்டும் கலியாணம் முடித்த புதிதில் சொன்னேன், அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கும் ஒன்று இருந்தது. பதுங்குகுழிக்குள் ஒரு முழு இரவு, மண் சரிந்து வாசல் மூடி, விடிந்தபிறகுதான் தோண்டி எடுத்தார்கள். அதனால் சுரங்கத்துக்குள் போகிற ரயிலில் அவள் ஏறமாட்டாள். நடுவுக்குப் போகமாட்டாள். வடக்கால் சுற்றித்தான் போவாள். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான்.

தெரிந்திருந்தும்தான். அவள் போவதற்குச் சில மாதம் முந்தி ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில், எனக்கு முன்னால் நின்ற ரட்ணசிங்கம் திரும்பி, கேதீஸ் இப்போது விக்டோரியாப் பக்கம் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறான், தெரியுமோ என்றான். கேதீஸுக்கும் தவமலருக்கும் ஊரில் ஒரு காலம் சம்பந்தம் பேசி, சாதகம் பொருந்தாமல் விட்டது. ரட்ணசிங்கம் கத்தரிக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டே, “காணேக்க எல்லாம் உன்ர மனுசியைத்தான் விசாரிக்கிறான் மச்சான், உன்னைச் செத்தியோ இருக்கிறியோ எண்டும் கேக்கிறானில்லை” என்று சொல்லிச் சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடிதான். வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்து அவளுடைய பயணக் கணக்கைத் தாளில் எடுத்தேன். அவளுடைய அட்டையும் என் பெயரில்தான் பதிந்திருந்தது. நான் மருந்துக் களஞ்சியத்தில் சரிபார்க்கிறவன், பெட்டியில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது என் வேலை, இருபத்திரண்டு வருடமாக. பதினொரு சனிக்கிழமை. பதினொன்றிலும் ஏறினது கனர்ஸ்பரி, இறங்கினது வூட்கிரேஞ்ச் பார்க், பதினொன்றிலும் கூடின கட்டணம், முதலாம் வலயம் வழியாக. ஒரு நாள் பெட்டியில் வைக்க மறக்கலாம், இரண்டு நாள் மறக்கலாம், பதினொரு நாள் ஒருவர் மறப்பாரா? அதோடு நேரம். எனக்கு அந்தப் பயணம் ஒரு மணி நேரம். அவளுக்கு ஒரு மணி முப்பது, ஒரு மணி முப்பத்தைந்து. அந்த அரை மணி நேரத்தைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன், பதினொரு வட்டம். விக்டோரியாவில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்க அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தவன் நான்தான், வேறு யாருமில்லை. அவள் அக்கா வீட்டிலிருந்து வந்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே, நீர் எந்த வழியால போனனீர் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். சுத்துப் பாதையாலதான், வேற எதால என்றாள். நான் தாளை மேசையில் வைத்தேன். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை, நின்றபடியே வாசித்தாள், வட்டங்களை ஒவ்வொன்றாக. பிறகு சொன்னாள்: “இந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் நீங்கள் போயிட்டு வாங்கோ.” அவ்வளவுதான். பூமணி அக்காவை நான் போய்ப் பார்ப்பதில்லை என்று குத்திக்காட்டுகிறாள் என நினைத்தேன், கதையை மாற்றப் பார்க்கிறாள் என்றும் நினைத்தேன். அப்போது அவளுடைய கையில் வெறும் சட்டி இருந்தது, இதே சட்டி, கஞ்சியோ சூப்போ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கழுவி எடுத்துவந்தது. காது அதற்கு மூன்று மாதம் முந்தியே கழன்றுவிட்டது. ஒரு திருகாணிதான், சனிக்கிழமை போட்டுத்தாறன் என்று சொல்லியிருந்தேன். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நல்லது. அவள் சமைத்தாள், நான் சாப்பிட்டேன், நிரோஜா விடுமுறைக்கு வந்தபோது மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். ஆனால் சனிக்கிழமைகளில் அவள் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை, வந்தால் நேரே குளிக்கப் போவாள். நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். மாசி மாதம் பூமணி அக்கா போய்ச் சேர்ந்தா. செத்தவீட்டுக்குப் போன தவமலர், அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அங்கேயே நிற்கிறேன் என்றாள். முப்பத்தோராம் நாள் முடிந்தது. அக்காவின் மகன் வெளிநாட்டில், வீடு சும்மா கிடக்கிறது, பார்க்க ஆள் வேண்டும் என்றாள். சித்திரை வந்தது. நிரோஜாவை விட்டு உடுப்புகளை எடுப்பித்தாள். ஒருவரும் பிரிவு என்று சொல்லவில்லை, கேட்கிற சொந்தக்காரருக்கு, அவ அக்காவின்ர வீட்டில நிக்கிறா என்று நானும் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறேன், மூன்று வருடமாக அவள் அக்காவின் வீட்டில் நிற்கிறாள். முதல் வருடம் நான் தொலைக்காட்சியை நிறுத்தாமல் படுத்தேன். இரண்டாம் வருடம் அதுவும் எரிச்சலாகிவிட்டது. வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே இருந்து வருகிற காற்றில் காலையில் நான் விட்டுப்போன மணமே இருக்கும், நான் மட்டும்தான் அங்கே மூச்சு விட்டிருக்கிறேன் என்பது அதில் தெரியும். சில நாள் கதவைத் திறந்தபடி நின்று, எந்த வழியால வந்தனீங்கள் என்று யாராவது கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். ஒருவரும் கேட்பதில்லை. நான் எந்த வழியால் வந்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை. பைத்தியக்காரன் மாதிரி ஒரு கிழமை முழுக்க வேண்டுமென்றே வேறு வேறு பாதையால் வந்து பார்த்தேன்.

கோஸ்பல் ஓக். எழும்புகிறேன், சூப்பு சட்டிக்குள் ஒருபக்கம் சாய்ந்து திரும்புகிறது, அந்தப் பாரம் கையில் தெரிகிறது, உயிருள்ள ஒன்றைத் தூக்குவதுபோல. கதவுக்கும் மேடைக்கும் இடையில் உள்ள வெளியைச் சட்டி மறைக்கிறது, காலால் தடவித்தான் இறங்குகிறேன். கிழக்கே போகிற ரயில் அடுத்த மேடையில் ஏற்கெனவே வந்து நிற்கிறது. எப்போதும் இப்படித்தான், இதன் வருகையும் அதன் புறப்பாடும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், இதை விட்டால் இன்னொரு பதினைந்து நிமிடம், சூப்பு ஆறிவிடும், தடியோடு இருக்கிறவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏதாவது செய்ய எழும்பிவிடுவாள். நடக்கிறேன், ஓட முடியாது. ரோஸ் நிறப் பெட்டி கம்பத்தில் தனியாக நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டு இல்லை, சுவர் இல்லை, வாங்கு இல்லை, சட்டியை வைக்க ஒரு இடமில்லை, நனைந்த நிலம்தான். அட்டை கோட்டுப் பையில். கை இரண்டும் சட்டியில். வலதை எடுத்தால் சட்டி இடப்பக்கம் கவிழும், இடதை எடுத்தால் அடியோடு போகும். யாரிடமாவது ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லலாம், யாரிடம்? எல்லோரும் ஓடுகிறார்கள். எந்த மொழியில், என்ன சொல்லி, என் மனம் உள்ளுக்குள்ளேயே வார்த்தை தேடுகிறது, கதவுகள் மூடப்போகிற சத்தம் தொடங்கிவிட்டது. பெட்டியைக் கடந்து போகிறேன். அது என்னைப் பார்க்கவில்லை. ஏறுகிறேன், முதுகுக்குப் பின்னால் கதவு மூடுகிறது, ஒரு பெண் எழும்பி இடம் தருகிறாள், இருக்கிறேன், சட்டி மடியில், அது இன்னும் சுடுகிறது, நான் முதலாம் வலயம் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எங்கேயோ எழுதப்பட்டுவிட்டது.

பதினொரு சனிக்கிழமை. கூட்டமான ரயிலை விட்டு, அடுத்ததையும் விட்டு, இருக்க இடம் கிடைக்கும்வரை அந்த வாங்கில் மடி சுட இருந்திருக்கிறாள். அதுதான் அரை மணி நேரம். பிறகு அந்த ரோஸ் நிறப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கடந்து வந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும், நான் காட்டிக்கொடுத்த பெட்டியை, கைகள் இரண்டும் நான் திருகாணி போடாத சட்டியில் இருக்க. திரும்பி வரும் பயணத்துக்கு எப்போதும் குறைந்த கட்டணம்தானே எடுத்திருந்தது, திரும்பும்போது சட்டி வெறுமை, ஒரு கையில் தொங்கும், மற்றக் கையால் பெட்டியில் அட்டையை வைத்திருக்கிறாள், அதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். திரும்பும்போது சுற்றி வந்தால் போகும்போது மட்டும் ஏன் நடுவால் போனாள் என்றுதான் அதையும் வாசித்தேன். களஞ்சியத்தில் இப்படி ஒருவன் சரிபார்த்தால் வேலையை விட்டு எடுப்பார்கள். ரயில் குலுங்குகிறது. அப்பர் ஹாலோவே, க்ரவுச் ஹில். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் நீங்கள் போயிட்டு வாங்கோ. பதில் அதுதான். முழுப் பதிலையும் அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள், அதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது, எனக்குத்தான் மூன்று வருடமும் ஒரு முழங்கால் ஒப்பரேசனும் தேவைப்பட்டிருக்கிறது. கைகள் இல்லை என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று உள்ளே ஒருவன் இன்னும் முனகுகிறான். வெயிலில் குந்தியிருந்தவன் அவன்தான். அவனுக்குத் தெரியும், எந்த வழியால் வந்தாய் என்று அப்படி ஒரு முகத்தோடு கேட்பவனிடம் விளக்கம் சொன்னால் என்ன கிடைக்கும் என்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனின் முகம் எனக்கு மறந்துவிட்டது என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். தவமலர் அதை என் முகத்தில் பார்த்திருக்கிறாள். தலையை மடியில் வைத்துக் கதை கேட்டவள், அந்தக் கதையின் மற்ற ஆளாக நான் வந்து நின்றதைச் சப்பாத்துக் கழற்றாமல் நின்று பார்த்திருக்கிறாள்.

இனி என்ன சொல்வது? கேட்பதற்கு என்று ஒரு கேள்வி கொண்டுவந்தேன், அது கோஸ்பல் ஓக்கில் இறங்கிப்போய்விட்டது. கேள்வி இருந்தபோது தைரியமாக இருந்தது. மன்னித்துக்கொள் என்று நான் அவளிடம் இதுவரை சொன்னதில்லை, எங்கள் வீடுகளில் ஆண்கள் அப்படிச் சொல்லிக் கேட்டதும் இல்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார்கள், அல்லது கடைக்குப் போய் எதையாவது வாங்கி வருவார்கள். சூப்பு கொண்டுபோகிறேன். போதாது. பெட்டியைப் பற்றிச் சொல்லலாமா? சொன்னால், இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு இயந்திரம் சொல்லித்தான் என்னை நம்பினீர்களோ என்று கேட்கலாம். கேட்டால் ஓம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அவள் கதவைத் திறக்காமலும் விடலாம். வேண்டாமெண்டு சொல்லேல்ல. ஹாரிங்கே, சவுத் டோட்டனம், பிளாக்ஹோர்ஸ் ரோடு. இறங்கி எதிர் மேடையில் ஏறித் திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நிலையத்திலும் நினைக்கிறேன், ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுகிறது, சட்டியோடு எழும்புவது சிரமமாக இருப்பதால் மட்டுமே இருக்கிறேன் என்று படுகிறது. இடம் கொடுத்த பெண் இறங்கும்போது, நல்ல மணம், என்ன சமையல் என்று கேட்கிறாள். மனைவிக்கு, முழங்கால் ஒப்பரேசன் என்கிறேன். அவள் கேட்டது அதையல்ல. கொடுத்துவைத்த மனைவி என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறாள்.

வூட்கிரேஞ்ச் பார்க்கில் தானியங்கிக் கதவு இல்லை, வெளியேறும் வழியில் ஒரு மஞ்சள் பெட்டி மட்டும், அதற்குப் பக்கத்தில் இடுப்பளவில் ஒரு செங்கல் மதில். மதிலின் மேல்தட்டில் சட்டியை வைத்தால் சரியாக இருக்கிறது. இங்கேதான் வைத்திருப்பாள். கைகளை உதறுகிறேன், இடது உள்ளங்கை சிவந்துபோயிருக்கிறது. அட்டையை எடுக்கும்போது விரலில் அந்தத் தாள் படுகிறது. அட்டையை வைக்கிறேன், பெட்டி சத்தம் போடுகிறது, தாளை எடுக்கவில்லை, சட்டியை எடுக்கிறேன். மழை விட்டுவிட்டது. எட்டு நிமிட நடை. மீன்கடை, நகைக்கடை, ஊர்ப் பத்திரிகை தொங்குகிற கடை, யாரோ தெரிந்தவர் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தலையாட்டுகிறார், எனக்குக் கையாட்ட வழியில்லை. வீடு இலக்கம் எழுபத்தாறு. மணியை அடிக்கவும் கை இல்லை. சப்பாத்து முனையால் கதவைத் தட்டுகிறேன், மெதுவாக, ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். உள்ளே தடியின் சத்தம் வருகிறது, ஒன்று, நிறுத்தம், ஒன்று, நிறுத்தம். இவ்வளவு நேரம் எடுக்கிறாள் வாசலுக்கு வர. திரும்பிப் போ என்று கால் சொல்கிறது. கதவு ஒரு சாண் திறக்கிறது. தவமலரின் தலை முழுதும் நரைத்துவிட்டது, இதை நிரோஜா எனக்குச் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்க்கிறாள், காது இல்லாத பக்கத்தை, துவாயை, என் இரண்டு கைகளையும். வெகுநேரம் பார்க்கிறாள். கோட்டின் உள்பையில் தாள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“எந்த வழியால வந்தனீங்கள்?” என்று கேட்டாள்.

வருகிற யாரிடமும் கேட்கிற கேள்விதான். அவள் முகத்தில் வேறு ஒன்றும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

“சுத்துப் பாதையால” என்றேன்.

“ஓம், அதுதான் இவ்வளவு நேரம்” என்று சொல்லிவிட்டு, தடியைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு கையால் வாசல் நிலையைப் பிடித்தபடி கதவை முழுதாகத் திறந்தாள்.